முப்பத்திரண்டாவது கத்தி

பெரியவர் அழுதே விட்டார். அதுவும் சாதாரண அழுகையா? பின்னால் வரிசையில் பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள், பாவம் ஏதோ சாவு சேதி வந்துவிட்டது போலிருக்கிறது என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"உங்க கால்ல வேணும்னாலும் விழறேன் சார். அது எங்கப்பா வச்சிருந்த கத்தி சார்!"

"யாரு வச்சிருந்தா என்ன, கத்தி கத்திதான். உள்ள கொண்டுபோக முடியாது" என்றான் எக்ஸ்ரே.

எக்ஸ்ரே என்பது உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பட்டப்பெயர். விமான நிலையத்துச் சோதனை வரிசையில் அவனுக்குப் பதினெட்டு வருஷ அனுபவம். மெஷின் கோட்டை விட்டாலும் அவன் கண் விடாது; ஒரு ஷேவிங் பிளேடுகூட அவனைத் தாண்டிப் போனதில்லை.

மேலதிகாரிகள் மெச்சிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியாத சமாச்சாரம் ஒன்று உண்டு. எக்ஸ்ரே வீட்டு அலமாரியில் ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து, ஸ்பெயின் என்று முப்பத்தோரு பழைய மடக்குக் கத்திகள் இருந்தன. ஒன்றுகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை.

"ஆப்பிள் நறுக்க உருப்படியா ஒரு கத்தி கிடையாது, அலமாரியில மட்டும் ஆயுதக் கிடங்கு" என்று அவன் மனைவி தினமும் தலையில் அடித்துக்கொள்வாள். ஆப்பிளாவது, அந்தக் கத்திகளால் நறுக்குவதாவது!

அலமாரியில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். பிரான்ஸ் நாட்டு இடையர்கள் ஒரு காலத்தில் பையில் வைத்துத் திரிந்த கத்தி. மாட்டுக்கொம்புப் பிடி, முதுகில் குட்டியாக ஒரு தேனீ உருவம். பன்னிரண்டு வருஷமாகப் படத்தில் பார்த்தே ஏங்கியவன் எக்ஸ்ரே. அது இப்போது பிளாஸ்டிக் தட்டில், பெரியவரின் சீப்புக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவில் கிடந்தது.

அவன் கை தானாகத் தட்டின் பக்கம் போயிற்று. முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டான்.

"வெளிய போய் யார்கிட்டயாவது கொடுத்துட்டு வரட்டுமா சார்?"

"வழியனுப்ப யாராவது வந்திருக்காங்களா?"

"இல்ல சார், தனியாத்தான் வந்தேன்."

"அப்புறம் யார்கிட்ட கொடுப்பீங்க, சுவத்துக்கிட்டயா?"

ஒலிபெருக்கியில் கடைசி அழைப்பு வந்தது. "உங்க பிளைட்டைத்தான் கூப்பிடறாங்க பெரியவரே, ஓடுங்க" என்றான் எக்ஸ்ரே.

"போனா போகட்டும் சார்" என்று பெரியவர் இடத்தைவிட்டு அசையாமல் நின்றார்.

எக்ஸ்ரேவுக்கு அது பைத்தியக்காரத்தனமாகவே தோன்றவில்லை. இப்படி ஒரு கத்திக்காக அவனும் விமானத்தைக் கோட்டை விடுவான். வேண்டுமானால் பெண்டாட்டியை மட்டும் ஏற்றி அனுப்பிவிடுவான்.

ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டப்படி எப்படியும் இது இந்த மனுஷனுக்குக் கிடையாது. இரும்போடு இரும்பாக உருக்கப் போவதைவிட, அருமை தெரிந்தவன் வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டுமே! மாட்டினால் வேலையும் போகும், மானமும் போகும். அதெல்லாம் மாட்டுகிறவனுக்கு.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று படிவத்தை நீட்டினான். அதில் 'மடக்குக் கத்தி, ஒன்று' என்று எழுதினால் போதும். எந்த நாடு, எத்தனை வயசு என்றெல்லாம் எவன் கேட்கப்போகிறான்?

பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எக்ஸ்ரே கத்தியை விரித்து அலகின் நீளத்தை அளந்தான். பழைய எஃகு, விரல் பட்ட இடம் நாளைக்கே துருப்பிடிக்கும் என்று சட்டைப்பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்து ரேகையைத் துடைத்தான்.

பட்டென்று மூடினால் கூர் உள்ளே இடித்து மழுங்கிவிடும். அதனால் இரண்டு கையாலும் பிடித்து, குழந்தை தூங்குகிற அறையின் கதவைச் சாத்துவது போல, சத்தமே வராமல் மூடினான்.

பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரொம்ப நன்றி சார்" என்றார். எதற்கு நன்றி என்று எக்ஸ்ரேவுக்கு விளங்கவில்லை. அழுத களைப்பில் உளறுகிறார் என்று விட்டுவிட்டான்.

அவர் தலை மறைந்ததும் வேலை மளமளவென்று நடந்தது. காலையில் யாரோ விட்டுப்போன, படிவத்தில் ஏற்றாமல் ஒதுக்கி வைத்திருந்த சாதா மடக்குக் கத்தி ஒன்று அதற்குப் பதிலாகப் பறிமுதல் பெட்டிக்குள் விழுந்தது. எக்ஸ்ரே ஷூ லேஸைக் கட்டக் குனிந்தான்; நிமிர்ந்தபோது பிரான்ஸ் கத்தி அவன் காலுறைக்குள் இருந்தது.

முப்பத்திரண்டு! விசிலடிக்க வேண்டும் போல அவ்வளவு சந்தோஷம். சீருடையில் இருக்கிறோமே என்று அடக்கிக்கொண்டான்.

பெரியவர் விமானம் ஏறவில்லை. எதிரே காபிக் கடையில் நின்றபடி, எக்ஸ்ரே குனிந்ததையும் நிமிர்ந்ததையும் ஒன்று விடாமல் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"சார், பறிமுதல் கத்தியைத் திருடற ஆளு இவருதான். மத்த அஞ்சு பேரும் படக்குனு மூடிப் பெட்டியில வீசிட்டாங்க, இவரு ஒருத்தர்தான் துடைச்சுத் தடவி எடுத்துக்கிட்டாரு."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். பெரியவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உடனே வாங்க சார், ஆறு நாளா ஆறு பேர்கிட்ட அழுது எனக்குக் கண்ணே வீங்கிப்போச்சு."