குழல்மேல் காசு

"ஓக்லஹோமாவுல தப்பாம வர்றது ரெண்டு. ஒண்ணு சூறாவளி, இன்னொண்ணு என் குறி. அதுலயும் சூறாவளி சில வருஷம் ஏமாத்திடும்."

சோள ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி மெர்ல் ஹாஸ்கெட் இதைச் சொன்னபோது, முகத்தில் துளி சிரிப்பில்லை. கடந்த மூன்று துப்பாக்கி சுடும் போட்டிகளிலும் அந்தக் குறி ஒரு சாண் கீழே போனது. இந்தச் சனிக்கிழமையும் போனால், பன்னிரண்டு வருடமாக இருந்த மாவட்ட அணியில் அவருக்கு இடமில்லை.

எதிரே அவர் மனைவி நாடீன் துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். நிஜத் தோட்டாக்கள் கராஜில் பூட்டியிருந்தன. அது காலிதானா என்று இருமுறை பார்த்து, வெடிக்காத சிவப்பு டம்மி தோட்டாவைப் போட்டு, குழல்மேல் ஒரு காசை வைத்து, கணப்படுப்பின் செங்கல் சுவரைப் பார்த்து விசையை இழுத்தாள்.

டிக். காசு தரையில் உருண்டது.

"அந்தச் சிவப்பு மாத்திரை எதுக்கு?"

"வெறுமனே இழுத்தா உள்ள இருக்கிற ஊசி கெட்டுடும். இது அடியைத் தாங்கிக்கும்."

"வெடிக்காத துப்பாக்கிக்குத் தலையணை வேறயா! காலித் தட்டுல சாப்பிடப் பழகுற மாதிரி இருக்கு."

"வெடிக்குப் பயந்து கை முன்கூட்டியே குனிஞ்சா, காசு விழுந்து காட்டிக்கொடுத்துடும், மெர்ல்."

"பொம்பளைங்க பிரிவுல பேரு கொடுத்தவ நீ. நீயே தட்டிக்கிட்டிரு. என் கை நான் சொன்னா கேக்கும்."

"உன் கையாவது கேக்குதே!" துப்பாக்கியையும் டம்மி டப்பாவையும் சலவை அறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அடுப்பிலிருந்து சூடான ஆப்பிள் பை பலகாரத்தை எடுத்தாள். "பக்கத்து வீட்டு டோரிஸுக்குக் கொடுத்துட்டு வரேன்."

"இந்த வாரம் நாலாவது பை. அவ வெடிச்சிடப் போறா."

வாசற்படியில் அவள் காலடி இறங்கியது. மெர்ல் கொஞ்சம் பொறுத்தார். பிறகு, இந்த வாரம் தினமும் செய்ததுபோலவே, சலவை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன்னிடமிருந்த சாவியால் அலமாரியைத் திறந்து, துப்பாக்கி காலிதானா என்று இருமுறை பார்த்தார். சிவப்புத் தோட்டா. கான்கிரீட் சுவர். காசு.

டிக். காசு அசையவில்லை. பத்து தடவை இழுத்தும் அசையவில்லை.

தோட்டாவைத் திரும்ப வைக்கும்போது டப்பாவின் அடியில் ஒரு தாள் தட்டுப்பட்டது. பெண்கள் பிரிவு விண்ணப்பம். பெயர் எழுதும் இடம் காலி. கடைசித் தேதி போன வெள்ளிக்கிழமை.

திருப்பினார். பின்பக்கம் நாடீனின் கையெழுத்து:

'மெர்ல். திங்கள்: ஒன்பது தடவை விழுந்தது. செவ்வாய்: ஆறு. புதன்: இரண்டு. வியாழன்:'

வியாழனுக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே, மிக அருகில், சூடான ஆப்பிள் பையின் வாசனை அடித்தது.

மெர்ல் தாளை இருந்த இடத்திலேயே வைத்தார். காசை எடுத்து, சத்தமில்லாமல், மறுபடி குழல்மேல் வைத்தார்.