பொட்டு இருந்த உயரம்

கைப்பையில் வார் வைப்பது மட்டும்தான் பாக்கி. வீடியோவைப் பார்த்துப் பார்த்துத் தைத்த முதல் தோல்பை. தணிகாசலத்தின் விரல் நுனியெல்லாம் ஊசி குத்திப் புண்ணாகியிருந்தது. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மனைவி பூங்கோதையைப் போனில் கூப்பிட்டான்.

"வார் எவ்வளவு நீளம் வைக்க? பை உன் இடுப்புல நிக்கணும்ல."

"என் உயரம் உங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். வார்டில் யாரோ அழைக்க, போனை வைத்துவிட்டாள்.

தோள் வரை வருவாளா, காது வரை வருவாளா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பீரோக் கண்ணாடி முன் போய் நின்றான். கிளம்பிய அன்று அவள் தன் நெற்றிக்கு நேரே ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருந்தது. கண்ணாடி துடைக்கும்போதெல்லாம் அதைச் சுற்றித்தான் துடைப்பான். பையைத் தோளில் பிடித்துக்கொண்டு, அந்தப் பொட்டு தன் நெற்றியில் வந்து உட்காரும் வரை முழங்காலை மடக்கினான்.

தோளோடு இடுப்பும் சேர்ந்தே இறங்கியிருந்தது. இப்படி அளந்தால் தன் அளவுதான் வரும் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் அவன் எழவில்லை. முழங்கால் நடுங்கத் தொடங்கியது. நிமிர்ந்தால் பொட்டு நெற்றியை விட்டு இறங்கிவிடும்.