மாசிலாமணி அண்ணனும் காலி சங்கும்

சங்குக்குள்ள குடியிருக்கிற நண்டுங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கரையில பெரிய காலி சங்கு ஒண்ணு ஒதுங்கினா, பெருசுல இருந்து சிறுசு வரைக்கும் வரிசையா நிக்கும். முதல் ஆளு அதுக்கு மாறினா, அவரு விட்ட சங்குல அடுத்த ஆளு. அப்படியே கடைசி வரைக்கும்.

அன்னிக்கு முதல் ஆளு மாசிலாமணி அண்ணன். கடைசியில நின்ன பேச்சிக்கு சங்கு உடைஞ்சுபோய் வெத்து முதுகு. எந்தப் பறவை பாத்தாலும் அவ கதை முடிஞ்சிடும்.

அண்ணன் மாறணும்ல? பழைய சங்குக்கு விடை சொல்லத் தொண்டையைச் செருமினாரு.

"இந்தச் சங்குல இருந்துதான் நான் இந்தக் கடற்கரையையே பாத்தேன். அப்பல்லாம் மணலு சும்மா ரவை மாதிரி இருக்கும். அலை என்னைக் கேட்டுட்டுத்தான் திரும்பும்."

"அண்ணே, உள்ள போயிட்டுச் சொல்லுங்களேன்"னா பேச்சி.

"இரும்மா, நிலாவைச் சொல்லவே இல்லையே."

நிலாவைச் சொன்னாரு. நுரையைச் சொன்னாரு. சுண்டல் மடிச்ச காகிதத்துக்குக்கூட கண் கலங்கினாரு. இத்தனைக்கும் அவரு இந்தக் கரைக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகுது.

பேச்சி பொறுத்துப் பொறுத்துப் பாத்தா. வரிசையை விட்டு விறுவிறுன்னு நடந்து, அந்தப் பெரிய சங்குக்குள்ள தானே புகுந்துட்டா. தொளதொளன்னுதான் இருந்துச்சு, ஆனா முதுகு மறைஞ்சுது. இனி என்ன வேலைன்னு மத்தவங்களும் கலைஞ்சு போனாங்க.

அண்ணன் இதையெல்லாம் கவனிக்கல. பழைய சங்குல அடங்காம பாதி உடம்பு வெளிய பிதுங்க, கண்ணை மூடிக்கிட்டு, சூரியன் மறையிற கட்டத்துக்கு வந்திருந்தாரு.

பக்கத்துல ஒரு காக்கா வந்து உக்காந்துச்சு.

"நல்லா சொல்றீங்கண்ணே"ன்னுச்சு. "அப்புறம்?"