ஐம்பது பித்தப்பைகள்

அந்தக் கொல்கத்தா அரசு மருத்துவமனையில் உயிரின் விலை இரண்டு ரூபாய். வெளிநோயாளிச் சீட்டுக்கு அதுதான் கட்டணம், பேரம் கிடையாது. ஆனால் அங்கே அறுவைப் பயிற்சியில் இருந்த சாரநாதன் தேர்வு எழுத வேண்டுமென்றால், தானே கத்தி பிடித்து ஐம்பது பித்தப்பைகள் எடுத்திருக்க வேண்டும்.

அவன் நாற்பத்தொன்றில் நின்றபோது, கூடப் படித்த தங்கக் கண்ணாடிக்காரன் அநிர்பான் நாற்பத்தொன்பது முடித்திருந்தான். பெரிய டாக்டருக்கு அநிர்பான் என்றால் வெல்லக்கட்டி. துர்கா பூஜை விடுமுறைக்குப் பூரி கடற்கரைக்குப் போன அவனைக் கடல் கொண்டுபோயிற்று. சாரநாதன் அழுதான். அழுதுகொண்டே, இனி அவன் பங்கு நோயாளிகளும் தனக்குத்தான் என்று நினைத்தான்.

முதலில் வந்தவர் லேக் மார்க்கெட் ராஜலக்ஷ்மி மாமி. சாரநாதன் தானே அறுத்துத் தானே தைத்தான். மூன்றாம் நாள் காயத்தைப் பார்க்கப் போனான்.

"அந்தத் தங்கக் கண்ணாடிப் பையன் வரலையா? என்ன கைடா அவனுக்கு! நீ பக்கத்துல தேமேன்னு நின்னுண்டிருந்தே."

"மாமி, நீங்க மயக்கத்துல இருந்தேள்."

"மயக்கம் எனக்குத்தானேடா? உனக்குமா?"

அறுவை அரங்கின் பதிவேட்டைப் புரட்டினான். செய்தவர் அநிர்பான், உதவி சாரநாதன் என்றிருந்தது.

"இதை யார் எழுதினது?" என்று நர்ஸ் ஸ்னேகாதியிடம் பாய்ந்தான்.

"உங்க கையெழுத்துதானே, டாக்டர்பாபு?"

அவன் கையெழுத்தேதான்.

அநிர்பானுக்குத்தான் ஐம்பது நிறைந்துவிட்டதே, இனி ஒதுங்கிக்கொள்வான் என்று சாரநாதன் அடுத்தடுத்துக் கத்தி பிடித்தான். மார்ச் கடைசியில் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தான். அநிர்பான் எழுபத்திரண்டு. சாரநாதன் நாற்பத்தொன்று, பாக்கி ஒன்பது.