கூடத்திலிருந்து விசா

சாகக் கிடக்கும் அப்பாவோடு இருக்கத்தான் இளவெயினி, பதினைந்து நாள் ஈரோட்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தன் வெளிநாட்டுக் கம்பெனியிடம் அனுமதி வாங்கி வந்தாள். அப்பாவின் அறையில்தான் நெட் எடுக்கும் என்பதால் அவர் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினார்கள்.

அவள் வேலை பார்க்கும் அறை, சட்டப்படி அந்தப் பதினைந்து நாளும் வெளிநாட்டு மண். அவள் வெளியே வந்தால் வேலை போய்விடும். மற்றவர்கள் உள்ளே போக விசா வேண்டும். அப்பாவுக்கு விண்ணப்பித்திருந்தார்கள்.

அம்மா ரசத்தோடு வாசலில் நின்றாள்.

“சமைச்சதை உள்ள விடமாட்டாங்கம்மா. அப்பா விசா என்னாச்சு?”

“முடியாதுன்னுட்டாங்க கண்ணு.”

“ஏனாம்?”

கட்டிலில் அப்பா இருமினார். அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“உள்ள போனா திரும்ப வீட்டுக்கு வருவாருன்னு நம்பிக்கை இல்லையாம்.”