மூன்றாவது அங்கம்

"முரியல் கதை முடிஞ்சுபோச்சு. தினமும் அதே இடத்துல முழிக்கிறா, பாவம்."

ஒப்பனை அறையைத் தாண்டிப் போகும்போது காதில் விழுந்தது. ஹில்டாவின் குரல். நாடகத்துக்கு உடை தைப்பவள். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே ஊர் வம்பு பேசுவாள்.

"அதுவும் இன்னிக்கு! லண்டன்லேர்ந்து சினிமாக்காரர் வந்து உக்காந்திருக்காரு. அம்மா வேஷத்துக்கு ஆள் பாக்கறாராம். இன்னிக்கும் முழிச்சா அதுவும் போச்சு."

முரியல் ஆஷ்டவுன் ஒரு காலத்தில் ஊரெல்லாம் சுவரொட்டியில் சிரித்தவர். படம் கிடைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது எங்கள் கடலோர நாடக அரங்கில்தான் நடிக்கிறார்.

மேடையோரம் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை அன்று எனக்கு. முதல் தடவை. வழக்கமாகச் செய்யும் கிளெக் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"மூணாவது அங்கத்துல முரியல் தடுமாறுவாங்க. நீ வாயைத் திறக்காதே."

என்ன மனிதர் இவர்! எடுத்துக் கொடுக்கத்தானே அங்கே உட்காருகிறோம்?

ரூபர்ட் அப்படியில்லை. முரியலோடு ஜோடியாக நடித்தே தலை நரைத்தவர். மேடை ஏறுமுன் என் காதோரம் குனிந்தார்.

"ஐவி, அவ மேல ஒரு கண்ணு வச்சுக்கோ. நானும் பக்கத்துலதான் இருக்கேன். விழ விட மாட்டேன்."

மதியக் காட்சி. இடைவேளையில் கொடுத்த டீக் கோப்பைகள் மூன்றாவது அங்கத்திலும் பார்வையாளர்கள் மடியில் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. சினிமாக்காரர் முன் வரிசையில், மடியில் தொப்பியோடு.

அந்த இடம் வந்தது. மேடையில் அமைதி.

முரியலின் வசனத்தைப் புத்தகத்தில் தேடினேன். அங்கே அவருக்கு வசனமே இல்லை. இருந்தது ரூபர்ட்டின் நீண்ட பேச்சு.

நிமிர்ந்து பார்த்தேன். ரூபர்ட் முரியலைப் பார்த்துப் புன்னகையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பேசட்டும் என்று காத்திருப்பவர் போல.

முரியல் முன் வரிசையை ஒரு முறை பார்த்தார். பிறகு நெற்றியில் கை வைத்தார்.

"ஐயோ... என்னவோ சொல்ல வந்தேனே. மறந்துபோச்சே..."

அரங்கில் யாரோ 'உச்' கொட்டினார்கள்.

"ஆங்... துறைமுகத்துல அன்னிக்கு மழை. அதைப் பத்தித்தானே சொல்ல வந்தீங்க?" என்று ரூபர்ட் பக்கம் திரும்பினார் முரியல்.

"மழையா அது!" என்று பிடித்துக்கொண்டார் ரூபர்ட். அப்புறம் ஒரு சொல் பிசகவில்லை. அரங்கம் அதிரக் கைதட்டல்.

சினிமாக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

திரை விழுந்ததும் ரூபர்ட் முரியலின் தோளை அணைத்துக்கொண்டார்.

"விடு, முரியல். வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். நான் எதுக்கு இருக்கேன்?"

'பார்த்தாயா' என்று ஹில்டா எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

"இல்ல, ஹில்டா, அந்த இடத்துல..." என்று ஆரம்பித்தேன்.

முரியல் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"இந்த மறதியை என்ன பண்றதுன்னே தெரியல, ரூபர்ட்," என்றார் அவர். "சாயங்காலக் காட்சிக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை சொல்லிக்குடேன்."

"அதுக்கென்ன, தாராளமா! எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?"

"உன் பேச்சுலேர்ந்தே ஆரம்பி," என்று சொல்லி, ஒப்பனையைக் கூடக் கலைக்காமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தார் முரியல்.