பூவுக்குப் பின்னால் கடல்

வெள்ளை.

அவள் மணலில் குப்புறப் படுத்துவிட்டாள். சேலையைப் பற்றி யோசிக்க இது நேரமில்லை.

இந்தக் கரை முழுக்க அடப்பங்கொடிதான். ஆடு மேயும். ஆள் மிதிக்கும். வள்ளக்காரர்கள் அதன்மேல் வலையை விரித்துக் காயப்போடுவார்கள். பூ எப்போதும் ஊதா. பிறந்ததிலிருந்து ஊதாவைத்தான் பார்த்திருக்கிறாள்.

இது வெள்ளை வெளேர். ஒரே ஒரு பூ.

போனை எடுத்தாள். முதல் படத்தில் அவளுடைய கட்டைவிரல். இரண்டாவதில் வெறும் வானம். மூன்றாவதில் பூ வந்துவிட்டது, இதழில் ஒட்டிய மணலோடு.

உடனே காட்ட வேண்டும். வெயில் ஏறினால் சுருண்டுகொள்ளும் பூ இது.

காட்டுவதற்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. 'கடலோரப் பூக்கள்'. ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. வேதாரண்யத்திலிருந்து ஒருவர் எருக்கம்பூவாக அனுப்பித் தள்ளுவார். கடலூர்ப் பக்கம் ஒரு டீச்சர், தாழம்பூ என்றால் உயிரை விடுவார். அவர்கள் 'அடடா' என்று போட்டுவிட்டால் போதும், அன்றைக்கு இவளுக்குச் சோறு வேண்டாம்.

ஒரே ஒரு குறைதான் சொல்வார்கள். பின்னணியை மங்க வையுங்கள். அதற்குப் போனில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் பூ மட்டும் தெளிவாக நிற்கும். பின்னால் கிடக்கிற கடல் மொத்தமும் வெறும் நீலமாகக் கலங்கிவிடும்.

இன்றைக்கு அமுக்க மறந்துவிட்டாள். சந்தோஷத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்.

புருஷனுக்கும் தினம் ஒரு படம் அனுப்புகிறாள். கடலுக்குப் போகிறவன். திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஏன் பார்ப்பதில்லை என்று போன மாதம் கேட்டேவிட்டாள்.

"வலை காயப்போடுற கொடிய எதுக்குப் படம் புடிச்சுக்கிட்டு?"

சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டான். கோபமில்லை, கேலியில்லை. அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

ஊர் உலகம் பார்த்து என்ன? அவன் ஒருதரம் பார்க்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால் அவள் ஆசை அவ்வளவுதான்.

பூக்குழுவைத் தொட்டாள். தொடுகிற நேரம் பார்த்து வேறொரு குழுவில் செய்தி விழுந்தது. அது தாவி மேலே வந்து உட்கார, பூக்குழு ஒரு படி கீழே இறங்கிவிட்டது. விரல் நின்று பார்க்கவில்லை. அவளும் பெயரைப் பார்க்கவில்லை. படத்தை அனுப்பிவிட்டாள்.

போய் விழுந்தது வள்ளக்காரர்கள் குழுவில்.

அந்தக் குழுவில் காற்று, கடல், வள்ளம். வேறு ஒன்றும் போடக்கூடாது. கடலில் சிக்னல் கிடைப்பதே அத்தி பூத்த மாதிரி. நடத்துகிறவர் பெர்க்மான்ஸ் அண்ணன். ஒரு 'காலை வணக்கம்' போட்டதற்காகச் சொந்த மச்சானையே வெளியே தள்ளியவர். மச்சான் இன்னும் வெளியேதான் நிற்கிறார்.

புருஷன் எப்போது கரை சேருவான் என்று அவளுக்குத் தெரிவது அந்தக் குழுவில்தான்.

"என்னம்மா இது?"

பெர்க்மான்ஸ் அண்ணன் கேட்டுவிட்டார்.

அழிக்கப் போனாள். விரலெல்லாம் மணல். இரண்டுதரம் வழுக்கியது. அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அதற்குள் கடலிலிருந்து ஒரு செய்தி. முதலில் வந்துகொண்டிருந்த வள்ளத்தை ஓட்டுகிற ஜெபமணி.

"அழிக்காதீங்க மதினி. அண்ணே, பூவ விடுங்க, அதுக்குப் பின்னால பாருங்க. ஆத்து வாயில அல ஒடையுது."

அவள் தலையைத் தூக்கினாள்.

உண்மைதான். ஆறு கடலில் சேரும் இடத்தில், வள்ளங்கள் நுழைகிற வழியில், வரிவரியாக நுரை. இவ்வளவு நேரம் அது இரைந்துகொண்டிருந்திருக்கிறது. இவள் காதில் விழவில்லை. வள்ளத்தில் வருகிறவர்களுக்கு அலையின் முதுகுதான் தெரியும். உடைவது கரைக்குத்தான் தெரியும். தெரியாமல் நுழைந்தால் வள்ளம் கவிழும்.

"எல்லா வள்ளமும் வெளியவே நில்லுங்க. தண்ணி ஏறட்டும்." பெர்க்மான்ஸ் அண்ணன்தான். அடுத்த செய்தி அவளுக்கு. "இன்னும் ரெண்டு படம் போடும்மா. நல்லாத் தெரியுற மாதிரி."

அவள் எழுந்து ஓடினாள்.

ஆற்று வாய்க்கு எதிரே நின்று எடுத்தாள். இப்போது ஒரு படமும் தவறவில்லை. கிட்டத்து நுரை, தூரத்து நுரை, அதற்கும் அப்பால் புள்ளிகளாக வள்ளங்கள். எடுக்க எடுக்க அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் கீழே கட்டைவிரல்கள் முளைத்தன. அவள் எடுத்த படத்தை இத்தனை பேர், இவ்வளவு உன்னிப்பாக, ஒரு நாளும் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

வள்ளங்கள் நின்றன. தண்ணீர் மெல்ல ஏறியது. அடியிலிருந்த மணல் திட்டு ஆழத்துக்குப் போகப் போக நுரை வரிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அதையும் எடுத்து அனுப்பினாள். வெறும் கடல், தெளிவாக.

அந்தப் படத்துக்குக் கீழே அவள் புருஷன் பெயர் வந்தது.

"பூ எங்க?"

தனியாக அவளுக்கு அனுப்பவில்லை. குழுவிலேயே கேட்டிருந்தான், எல்லோரும் பார்க்க.

பெர்க்மான்ஸ் அண்ணன் எதையோ டைப் செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது.

ஒன்றும் வரவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் வந்த வழியே திரும்பி ஓடினாள்.